கையுறை எங்கே

சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்து நான்கு.
எஞ்சின் உறையாமலிருக்கக் காருக்கு மின்கம்பி செருகிவிட்டு
மூன்றாம் மாடி ஏறுகிறேன், கையில் ஒற்றைப் பக்கம்.
ஒற்றைப் பக்கம்தான் கேட்கிறார்கள்.
ஓரம் இரண்டு சென்டிமீட்டர், எழுத்து பன்னிரண்டு புள்ளி.
அதற்குள் மூன்று வருடம், நான்கு லட்சம் டாலர்,
நாற்பது பேருடைய வலது கைகள்.

எனக்கு நாற்பத்தாறு. பத்தொன்பது வருடம்
பக்கவாதம் மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டவள்,
ஆராய்ச்சியில் நேற்றுப் பிறந்தவள்.
வழிகாட்டி என்று திட்டத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட
டோபின் ரைமருக்கு முப்பத்தைந்து.
நோயாளியின் மணிக்கட்டை அவன் பிடித்ததே இல்லை.
ஆனால் மூன்று முறை நிதி வாங்கியவன்,
ஏழு முறை வாங்காதவன்.
அந்த ஏழையும் நீலக் கோப்பில் போட்டு
முதல் நாளே என் பக்கம் தள்ளினான்.
"இதைப் படியுங்கள், லாரிஸா.
ஜெயித்ததில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை."

என் வரைவு முழுக்கப் பென்சில்.
'நம்புகிறோம்' என்ற சொல்லுக்கு வட்டம்.
'மிக முக்கியமான' நான்கு இடத்தில், நான்கு வட்டம்.
மூன்றாம் பத்திக்குக் குறுக்கே கோடு,
ஓரத்தில் பொடியாக:
இது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு?

யார் அவர்கள்?

"ஞாயிறு இரவு பதினொரு மணி," என்றான்.
"ஹாலிஃபாக்ஸில் ஒருத்தி, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு,
பதினாலு விண்ணப்பத்தில் பன்னிரண்டாவதாக
உங்களைத் திறக்கிறாள்.
அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வையுங்கள்."

கோபம் வரவில்லை என்றால் பொய்.
பார்க்கிங்கில் உட்கார்ந்தேன், மூச்சு கண்ணாடியில் உறைந்தது.
பொடிப்பயலே, ஒரு கட்டைவிரல் அசைய
எத்தனை செவ்வாய்க்கிழமை ஆகும், உனக்குத் தெரியுமா?
மறுவாரம் அதை அவனிடமே கேட்டுவிட்டேன்,
பொடிப்பயலை மட்டும் விழுங்கிக்கொண்டு.

பென்சிலைக் கீழே வைத்தான்.
"எத்தனை?"

பதினேழு.
லவாலே என்று ஒருவர், மாடு வளர்ப்பவர்.
பதினேழாவது செவ்வாய் கட்டைவிரல் அசைந்தது,
நான் கைதட்டினேன், அவர் தட்டவில்லை.
அவர் கேட்டது கட்டைவிரலை அல்ல.
விடியற்காலை ஐந்து மணிக்குக் கொட்டகைக்குப் போக,
மனைவியை எழுப்பாமல்,
இரண்டு கைக்கும் உறை போட வேண்டும். அவ்வளவுதான்.

"இது எங்கே இருக்கிறது?"
எது?
"இந்தப் பக்கத்தில். கையுறை எங்கே?"

பிடியின் வலு இருந்தது, கிலோகிராமில்.
மூட்டு திரும்பும் அளவு இருந்தது, பாகையில்.
கையுறை எங்கும் இல்லை.

எழுந்துபோய்க் கோட்டுப் பையிலிருந்து தன் உறையை எடுத்தான்.
வலது கையைச் செத்ததுபோல் தொங்கவிட்டு
இடது கைக்கு மாட்டிப் பார்த்தான்.
மேசை விளிம்பில் தேய்த்தான், முழங்காலில் அழுத்தினான்,
கடைசியில் பல்லால் இழுத்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்க தோஷம்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி.
வாயில் கம்பளி இழையோடு சொன்னான்:
"இதை எழுதுங்கள். முதல் வரியில்."

எழுதினேன்.

ஜூனில் பதில் வந்தது. நிதி இல்லை,
கோட்டுக்கு நான்கு இடம் கீழே.
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்:
கோடையில் எதை அளப்பீர்கள்?

ரைமர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.
எனக்குச் சிரிப்பு வர நான்கு நாள் ஆனது.
ஐந்தாம் நாள் பச்சைக் கோப்பு ஒன்று வாங்கினேன்,
லவாலேக்குப் போன் போட்டேன்.
"ஜூலையில் வைக்கோல் கட்டுகிறோமே, அம்மணி," என்றார்,
"உறை இல்லாமல் தூக்கினால்
கயிறு உள்ளங்கையை அறுத்துவிடாதா?"

செப்டம்பர் பதினைந்து கடைசித் தேதி.
கயிற்றுக்கு ஒன்றரை வரி இடம் வேண்டும்.
தேடிக்கொண்டே போகிறேன்.
கடைசிப் பத்தியில், எப்போது நுழைந்ததோ,
மறுபடி ஒரு 'நம்புகிறோம்'.
பென்சில் என் கையில்தான் இருக்கிறது.
வட்டம் போட்டுவிட்டேன்.
அடிக்க இன்னும் மனம் வரவில்லை.